அறிவிப்பில்லாக் குறைப்பு: பொது ஒலிபரப்பின் நிதிநிலையும் கருநாடக இசைக் கச்சேரியின் எதிர்காலமும்

ஆய்வுச்சுருக்கம்

பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் நிதி சுருங்கும்போது செவ்வியல் இசை அரங்குகள் எவ்வகையில் பாதிக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பிரிட்டன், செருமனி, தென்மார்க்கு ஆகிய நாடுகளில் இக்குறைப்பு நாள் குறித்து அறிவிக்கப்பட்டது. அதனால் எதிர்ப்பும் எழுந்தது. இந்தியாவிலோ வானொலி நிலையங்களின் இசைப்பிரிவு எவ்வித அறிவிப்புமின்றி, ஓய்வுபெறுவோரின் இடங்கள் நிரப்பப்படாமையால் சிறுகச் சிறுகக் கரைகிறது. நிலைய வித்துவான் என்னும் பணியிடம் மறைவதற்கும் வானொலிக் கச்சேரிகளின் எண்ணிக்கை குறைவதற்கும் இடையிலான தொடர்பு இங்கு முதன்மையாக ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொது ஒலிபரப்பு, அகில இந்திய வானொலி, பிரசார் பாரதி, நிலைய வித்துவான், கருநாடக இசை, நாகசுரம், நிதிக்குறைப்பு

முன்னுரை

2023 மார்ச் 7ஆம் நாள் பிரிட்டனின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி, தன் செவ்வியல் இசைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தது. இருபது முழுநேரப் பாடகர்களைக் கொண்ட பிபிசி சிங்கர்ஸ் என்னும் பாடற்குழு மூடப்படும். இங்கிலாந்திலுள்ள மூன்று பிபிசி இசைக்குழுக்களின் ஊதியப் பணியிடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீக்கப்படும் என்பன அவ்வறிவிப்பின் சாரம். 1924இல் தோன்றிய அப்பாடற்குழு நூற்றாண்டைத் தொட ஓராண்டே எஞ்சியிருந்தது. மூடலை எதிர்த்த விண்ணப்பத்தில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மார்ச் 24ஆம் நாளே அம்முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில், வோசஸ்8 என்னும் இசை அறக்கட்டளையுடன் கூட்டுச்சேர்ந்து அக்குழு பிபிசிக்குள்ளேயே தொடரும் என்று உறுதிசெய்யப்பட்டது.

இந்நிகழ்வை இங்கு முதலிற் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே குறைப்புக்கு ஒரு நாள் இருந்தது. ஓர் அறிக்கை இருந்தது. நீக்கப்படவிருந்தோரின் எண்ணிக்கை தெரிந்திருந்தது. எதிர்ப்போர் எதனை எதிர்க்கிறோம் என்பதை அறிந்திருந்தனர். நம் வானொலி நிலையங்களில் நிகழும் குறைப்பு இத்தகையதன்று. வீணைக் கலைஞர் ஒருவர் அறுபது அகவையில் ஓய்வுபெறுகிறார். நிலையத்தார் பொன்னாடை போர்த்தி வழியனுப்புகின்றனர். அவ்விடம் நிரப்பப்படுவதில்லை. அடுத்த ஆண்டு மிருதங்கக் கலைஞர் ஓய்வுபெறுகிறார். எந்தச் செய்தித்தாளும் எழுதுவதற்கு இதில் ஒரு செய்தி இல்லை. ஆயினும் இருபதாண்டுகள் கடந்து நோக்கின், பிபிசி ஒரே நாளில் செய்ய முயன்று தோற்றதை இம்முறை ஓசையின்றிச் செய்து முடித்திருப்பது புலப்படும்.

கச்சேரியும் வானொலியும் இணைந்த வரலாறு

சென்னையில் ஒலிபரப்பின் தொடக்கமே பணமுடையோடு பிணைந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1927இல் நிதியின்மையால் நின்றுபோயிற்று. அதன் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சி பெற்று, 1930 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரை முதலிய பொதுவிடங்களில் நிறுவப்பட்ட ஒலிபெருக்கிகளின்கீழ் நின்று மக்கள் பாட்டுக் கேட்டனர். அதே 1927ஆம் ஆண்டிலேதான் இலண்டனில், புரவலரை இழந்து தவித்த பிராம்ஸ் இசைவிழாவைப் பிபிசி ஏற்று நடத்தத் தொடங்கியது. தனியார் கை விரித்தபின் பொது நிறுவனம் இசையைத் தாங்கிய இவ்விரு நிகழ்வுகளும் ஒரே காலத்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16இலும் திருச்சி நிலையம் 1939 மே 16இலும் தொடங்கப்பெற்றன. பிற்காலத்தில் திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி, நாகர்கோவில், மதுரை எனப் பிற நகரங்களிலும் நிலையங்கள் அமைந்தன. அரசவைகளும் சமீன்களும் மடங்களும் இசைவாணரைப் பேணிய காலம் முடிந்துகொண்டிருந்த வேளையில் வானொலி வந்தது. சபாக்கள் அவ்விடத்தை ஓரளவு நிரப்பின என்பது உண்மை. ஆனால் சபா என்பது பெரும்பாலும் சென்னையின் நிறுவனம். அங்கும் பெயர்பெற்றவரையே கூட்டம் நாடும். கும்பகோணத்திலோ கோவில்பட்டியிலோ வாழும் கலைஞர் ஒருவருக்கு ஆண்டுதோறும் உறுதியாகச் சில அழைப்புகளையும், தரத்திற்கேற்ற ஊதியத்தையும், தம் பெயர் ஊர் முழுவதும் ஒலிக்கும் மதிப்பையும் அளித்தது வானொலியே.

1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பா.வி. கேஸ்கர் காலத்தில் இவ்வுறவு நிறுவன வடிவம் பெற்றது. குரல்தேர்வு முறை கட்டாயமாயிற்று. கலைஞர்கள் பி, பி-ஹை, ஏ, ஏ டாப் எனத் தரப்படுத்தப்பட்டனர். தேசிய இசை நிகழ்ச்சி 1952 சூலையில் தொடங்கியது. வானொலி சங்கீத சம்மேளனம் 1954 முதல் நடைபெற்றது. சம்மேளனக் கச்சேரிகள் அழைக்கப்பெற்ற அவையினர் முன்னிலையில் நிகழ்ந்து பின்னர் ஒலிபரப்பப்பட்டமையால், வானொலி ஓர் ஒலிபரப்பு நிறுவனமாக மட்டுமின்றிக் கச்சேரி நடத்தும் அமைப்பாகவும் விளங்கியது. கட்டணமின்றி முதல்தரக் கச்சேரியை நேரிற் கேட்கும் வாய்ப்பு மாவட்டத் தலைநகரங்களுக்கும் இவ்வழியே கிட்டியது.

இவ்வரலாற்றைப் பொற்காலமாகக் காட்டுவது ஆய்வுக்கு அழகன்று. 1940களின் பிற்பகுதியில், தனிவாழ்வு இழுக்குடையதெனக் கருதப்பட்ட பெண் கலைஞர்களுக்கு வானொலியின் கதவு அடைக்கப்பட்டது. ஆர்மோனியம் 1940 முதல் பல்லாண்டுகள் விலக்கிவைக்கப்பட்டது. திரைப்பாடலைக் கேஸ்கர் ஒதுக்கியதன் விளைவாக நேயர்கள் இலங்கை வானொலிக்குப் பெயர்ந்தனர். அவர்களை மீட்க 1957இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. தரப்படுத்தலுக்கும் அக்காலத்திலேயே இசைவாணரிடையே கடும் எதிர்ப்பு இருந்தது. எது செவ்வியல், எது அன்று என்று வரையறுக்கும் அதிகாரம் ஒரு துறையின் கையில் குவிந்ததன் தீங்குகளை மறுப்பதற்கில்லை. எனினும், அவ்வதிகாரத்தோடு ஒரு பொறுப்பும் சேர்ந்திருந்தது: தரம் வழங்கிய நிறுவனம் அத்தரத்துக்கேற்பக் கச்சேரியும் வழங்க வேண்டியிருந்தது. இன்று தரம் மட்டும் வழங்கப்படுகிறது, கச்சேரி அரிதாகிவிட்டது. சபாக்களுக்கான விண்ணப்பத்திலும் வெளிநாட்டு அழைப்பிதழிலும் 'ஏ கிரேடு' என்று அச்சிட்டுக்கொள்ள உதவும் ஒரு சான்றிதழாக வானொலித் தேர்வு சுருங்கிவருவது கவலைக்குரியது.

நிலைய வித்துவான்

வானொலியின் இசைப்பிரிவைத் தாங்கிய தூண் நிலைய வித்துவானே. நிலையத்திலேயே மாத ஊதியத்திற்குப் பணியாற்றிய பாடகர், வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், கடம், கஞ்சிரா, தம்பூராக் கலைஞர்கள் அனைவரையும் இச்சொல் குறித்தது. தொடக்கத்தில் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்ட இவர்கள் பின்னர் அரசு ஊழியர் தகுதி பெற்றனர். இசைத்துறையின் பெரும்புள்ளிகளும் வானொலிப் பணியில் இருந்துள்ளனர். செம்மங்குடி சீனிவாச ஐயர் 1957 முதல் 1960 வரை சென்னை நிலையத்தில் கருநாடக இசையின் தலைமைத் தயாரிப்பாளராக விளங்கினார். பாலமுரளிகிருஷ்ணா விசயவாடா முதலிய நிலையங்களில் இசைப்பொறுப்பு வகித்தார். எஸ். ராஜம் சென்னை நிலையத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் கோடீசுவர ஐயர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகள் இன்று மேடைகளில் ஒலிப்பதற்கு ராஜம் ஆற்றிய பணி பெரிது. மாத ஊதியம் என்னும் பாதுகாப்பு ஒரு கலைஞருக்கு இருக்கும்போது, கைதட்டலை உடனே ஈட்டித்தராத அரிய இராகத்திலும் அவர் காலம் செலவிட இயலும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

நிலைய வித்துவானின் அன்றாடப் பணியோ மேடையில் தெரியாதது. வெளியூரிலிருந்து தனியே வரும் பாடகருக்கு அவர் பக்கம் வாசிப்பார். ஒத்திகைக்கு நேரமிராது. பாடகர் பட்டியலைக் காட்டுவார். பல்லவி இருந்தால் தாளமும் எடுப்பும் சொல்வார். சிவப்பு விளக்கு எரிந்துவிடும். அரைமணி நேரம் முடியும்போது துக்கடா சரியாக அந்நொடியில் நிறைவுற வேண்டும். இவ்வாறு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான பாடகர்களுக்கு, நூற்றுக்கணக்கான பாடாந்தரங்களுக்கு வாசித்த ஒருவரிடம் சேரும் பட்டறிவு எந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்திலும் அடங்காது. இசைப்பயிற்சி நிகழ்ச்சி, மெல்லிசை, சேர்ந்திசை, நாட்டிய நாடகம், இசைச்சித்திரம் ஆகியவற்றுக்கும் இவர்களே உழைத்தனர்.

உபபக்கவாத்தியங்களின் நிலை தனியே கருதத்தக்கது. கடம், கஞ்சிரா, முகர்சிங்கு ஆகியவை சபாக் கச்சேரியில் அமைப்பாளரின் பணவசதிக்கேற்பச் சேர்க்கப்படும் அல்லது விடப்படும். செலவைக் குறைக்க வேண்டுமெனில் முதலில் விடுபடுவது கடமே. அக்கலைஞருக்கு நிலையான பணியிடம் என ஒன்று இருந்தது என்றால் அது பெரும்பாலும் வானொலியில்தான்.

நிதி எவ்வழி வருகிறது

குறைப்பின் இயல்பைப் புரிந்துகொள்ள நிதி வரும் வழியைச் சற்று விரிவாகக் காணவேண்டும். வானொலிப்பெட்டிக்கு உரிமக் கட்டணம் செலுத்தும் வழக்கம் இந்தியாவில் 1980களின் நடுப்பகுதியில் ஒழிந்தது. நேயர் நேரே செலுத்தும் பணம் என்பது அத்தோடு முடிந்தது. விளம்பர ஒலிபரப்பு 1967 நவம்பரில் விவித் பாரதி வழியே தொடங்கியிருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பிரசார் பாரதிக் கழகம் 1997 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தன்னாட்சி என்று சட்டம் கூறினும், ஊதியத்திற்கு அரசு மானியத்தையே அது சார்ந்திருக்கிறது. நடுவண் அரசின் வரவு-செலவுத் திட்டத்தில் பிரசார் பாரதிக்கான மானிய ஒதுக்கீடு 2021-22இல் ஏறத்தாழ 2,640 கோடி ரூபாய். 2022-23இல் அது ஏறத்தாழ 2,555 கோடியாகக் குறைந்தது. இத்தொகையின் பெரும்பகுதி ஊதியத்திற்கே உரியது.

2023 சனவரியில் நடுவண் அமைச்சரவை, ஒலிபரப்புக் கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்திற்கு 2,539.61 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. அதனைச் சுட்டி, பொது ஒலிபரப்புக்குப் பணம் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை என வாதிடுவோர் உளர். அத்தொகையில் பெரும்பங்கு அலைபரப்பிகள், பண்பலை விரிவாக்கம், எண்ணிம நிலையக்கூடங்கள் போன்ற மூலதனச் செலவுக்கானது. அவை வேண்டுவனவே. ஆனால் புதிய ஒலிவாங்கி வாங்க ஒதுக்கிய பணத்திலிருந்து அதன்முன் அமர்ந்து பாடுபவருக்கு ஊதியம் தர இயலாது. பொது ஒலிபரப்பின் வரவு-செலவைப் பற்றிய விவாதங்களில் இவ்வேறுபாடு அடிக்கடி மறைந்துபோகிறது.

ஆக, நிலையத்தின் செலவில் மூன்று தலைப்புகள் உள்ளன: கட்டமைப்பு, ஊதியம், நிகழ்ச்சி. முதலிரண்டுக்கும் அரசு மானியம் உண்டு. நிகழ்ச்சிச் செலவோ பெரிதும் நிறுவனம் தானே ஈட்டும் விளம்பர வருவாயை எதிர்நோக்கியது. கருநாடக இசைக்கு விளம்பரம் தருவோர் சிலரே. ஆகவே, தன் வருவாயைப் பெருக்குமாறு நிலையம் வற்புறுத்தப்படும்தோறும் இசைக்குரிய நேரமே முதலிற் கைவைக்கப்படுகிறது.

இங்குத்தான் நிலைய வித்துவானின் ஓய்வு ஒரு கணக்கியல் நிகழ்வாகவும் ஆகிறது. 2007 அக்டோபர் 5ஆம் நாளுக்கு முன் பணியமர்த்தப்பட்டோர் அரசு ஊழியருக்குரிய நலன்களோடு பிரசார் பாரதியில் அயற்பணியில் இருப்பவராகச் சட்டத்திருத்தத்தின் வழி கருதப்படுகின்றனர். அவர்கள் ஓய்வுபெறும் வரை அவர்களுடைய உழைப்பு ஊதியத் தலைப்பிலிருந்து வருகிறது. நிகழ்ச்சித் தலைப்பை அது தொடுவதில்லை. அவர் ஓய்வுபெற்று இடம் நிரப்பப்படாதபோது, அதே பக்கவாத்தியத்தை வெளிக்கலைஞர் ஒருவரை அழைத்தே பெறவேண்டும். அச்செலவு நிகழ்ச்சித் தலைப்பில் விழுகிறது.

ஓர் எளிய எடுத்துக்காட்டுக் கணக்கால் இதனை விளக்கலாம். எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவையே. பாடகரின் ஊதியம் 4 பங்கு. வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்குத் தலா 2 பங்கு என்க. நிலையத்திலேயே வயலினும் மிருதங்கமும் இருந்தால் ஒரு கச்சேரிக்கு நிகழ்ச்சித் தலைப்பிலிருந்து செலவாவது 4 பங்கு. இருவரும் ஓய்வுபெற்றபின் அதுவே 8 பங்கு. நிகழ்ச்சி ஒதுக்கீடு 40 பங்கு என்றால், முன்பு 10 கச்சேரிகள் நடந்த இடத்தில் இனி 5 மட்டுமே நடைபெறும். நிகழ்ச்சி ஒதுக்கீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க. நாடாளுமன்றத்தில் வினா எழுப்பினும், ஒதுக்கீடு குறையவில்லை என்னும் விடையே கிட்டும். அவ்விடை பொய்யும் அன்று. விலைவாசி உயர்வையும் இதனோடு சேர்த்தால் எஞ்சுவது ஐந்தினும் குறைவே.

இதற்கு மாறாக வெளிப்படையான குறைப்பும் ஒருமுறை நிகழ்ந்தது. அகில இந்திய வானொலியின் தேசிய அலைவரிசையையும் திருவனந்தபுரம், ஐதராபாத்து உள்ளிட்ட ஐந்து நகரங்களின் வட்டாரப் பயிற்சி நிறுவனங்களையும் மூடுவதெனச் சிக்கனத்தைக் காரணம் காட்டி 2018 திசம்பரில் பிரசார் பாரதி முடிவுசெய்தது. 2019 சனவரியில் அது நாளிதழ்களில் செய்தியாயிற்று, விவாதிக்கவும்பட்டது. நிரப்பப்படாத வித்துவான் பணியிடங்கள் அவ்வாறு ஒருநாளும் தலைப்புச் செய்தியானதில்லை.

அயல்நாட்டு அனுபவங்கள்

பிபிசியின் 2023ஆம் ஆண்டு முடிவுக்குப் பின்னணி, உரிமக் கட்டணம் 2022 முதல் ஈராண்டுக்கு 159 பவுனில் நிறுத்திவைக்கப்பட்டமையே. 2022 அக்டோபரில் அந்நாட்டின் பணவீக்கம் 11.1 விழுக்காட்டைத் தொட்டது. கட்டணம் குறைக்கப்படவில்லை, நிறுத்தி மட்டுமே வைக்கப்பட்டது. விளைவு குறைப்பாகவே முடிந்தது. அதற்கு முன்பும், 1980இல், தன் இசைக்குழுக்களில் ஐந்தினைக் கலைக்கப் பிபிசி முற்பட்டபோது இசைக்கலைஞர் சங்கம் ஏறத்தாழ இரு மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தது. அவ்வாண்டு பிராம்ஸ் விழாவின் தொடக்கக் கச்சேரிகள் பல நடைபெறவில்லை. சில குழுக்கள் மறைந்தன. பிபிசி இசுக்காத்திசு சிம்பொனிக் குழு தப்பியது.

செருமனியில் தென்மேற்கு ஒலிபரப்பு நிறுவனம், தன் இரு இசைக்குழுக்களை ஒன்றாக்க 2012இல் முடிவெடுத்தது. உலகின் முன்னணி நடத்துநர்கள் பலர் கையொப்பமிட்டு எதிர்த்தும் 2016இல் இணைப்பு நிறைவேறியது. பாடன்-பாடன் நகரில் 1946இல் தோன்றி, புதிய இசையாக்கங்களை முதன்முதலில் அரங்கேற்றுவதில் புகழ்பெற்ற ஒரு குழுவின் தனித்தன்மை அத்துடன் முடிந்தது. தென்மார்க்கின் ஒலிபரப்பு நிறுவனம் 1939இல் தோன்றிய தன் சிறு இசைக்குழுவை 2014இன் இறுதியில் கலைத்தது. அக்குழுவினர் கலையாமல், மக்களிடமும் புரவலரிடமும் பணம் திரட்டித் தனி அமைப்பாகத் தொடர்கின்றனர்.

இவ்வொப்பீட்டில் ஓர் எச்சரிக்கை வேண்டும். மேலையிசையின் அலகு குழு. எண்பது பேர் சேர்ந்தே ஒரு சிம்பொனியை இசைக்க முடியும். குழு கலைந்தால் இசையே நிகழாது. அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும். கருநாடக இசைக்கு மூவர் போதும். எப்போதும் எங்கேனும் மூவர் கிடைப்பர். ஆகவேதான் நிலைய வித்துவான்கள் இல்லாத வானொலியிலும் கச்சேரி தொடர்ந்து நடப்பதாகவே தோன்றுகிறது. இவ்விசையின் சிக்கன வடிவமே அதன் இழப்பை மறைத்துவிடுகிறது எனலாம்.

சேமிப்பும் இணையமும்

இசைக்கு இப்போது எங்கும் பஞ்சமில்லை என்பது இவ்விவாதத்தில் அடிக்கடி கேட்கப்படும் மறுப்பு. 2016 சனவரி 26 முதல் வானொலியின் 'ராகம்' அலைவரிசை இருபத்துநான்கு மணிநேரமும் செவ்வியல் இசையை ஒலிபரப்புகிறது. கைப்பேசிச் செயலியிலும் அதனைக் கேட்கலாம். யூடியூபில் அரியக்குடி முதல் நேற்றைய கச்சேரி வரை கிடைக்கிறது. 2020 திசம்பரில் பெருந்தொற்றின்போது சென்னைச் சபாக்கள் ஒன்றுகூடி இணையவழியிலேயே இசைவிழாவை நடத்திக்காட்டின.

கேட்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இம்மறுப்பில் பெரிதும் உண்மை உண்டு. இன்றைய மாணவருக்குக் கிடைக்கும் ஒலிச்செல்வம் அவருடைய ஆசிரியர் கனவிலும் காணாதது. 'ராகம்' அலைவரிசையால் திருநெல்வேலியில் பதிவான கச்சேரி தில்லியிலும் கேட்கிறது. முன்பு அவ்வாறு இல்லை. ஆனால் பாடுபவரின் பக்கம் நின்றால் காட்சி வேறு. நாள் முழுதும் ஒலிக்கும் அலைவரிசைக்கு வேண்டிய இசையில் கணிசமான பகுதி, நிலையங்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த பதிவுகளிலிருந்து வரக்கூடியது. அப்பதிவுகள் அன்றைய நிகழ்ச்சிப் பணத்தில் உருவானவை. புதிய பதிவுகள் குறைந்துகொண்டே போக, பழைய பதிவுகள் மட்டும் சுழல்வது விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும். 2060இல் கேட்பதற்கு 2020களின் மாவட்டக் கலைஞர் எவர் குரல் சேமிப்பில் இருக்கும்?

இணையம் இடமளிக்கிறது, ஊதியம் அளிப்பதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை, படப்பிடிப்பு, பக்கவாத்தியக்காரர் சன்மானம் அனைத்தையும் இளங்கலைஞர் தாமே ஏற்றுத் தம் கச்சேரியைப் பதிவேற்றுகிறார். சபாக்களின் நண்பகல் நேரக் கச்சேரிகளிலும் இளைஞர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் மேடை மட்டுமே. கலைஞர் தம் கைப்பணத்தைச் செலவழித்துப் பாடும் நிலையில், வசதியுள்ள குடும்பத்தினரே இசையைத் தொழிலாகக் கொள்ள இயலும். ஏற்கெனவே சாதியாலும் ஊராலும் குறுகிய ஒரு துறை மேலும் குறுகுவதற்கு இது வழிவகுக்கும்.

நாகசுரமும் தவிலும் இதற்குத் தெளிந்த எடுத்துக்காட்டுகள். சபாக்கள் தம் விழாவை மங்கல இசையோடு தொடங்குகின்றன. அதன்பின் மாலைநேர முதன்மைக் கச்சேரிகளில் நாகசுரத்தைக் காண்பது அரிது. வானொலியிலோ ஒவ்வொரு நாளும் காலை ஒலிபரப்பு மங்கல இசையோடு விடிந்தது. அதற்கு வெளியேயும் நாகசுரக் கச்சேரிக்குத் தனி நேரம் இருந்தது. திருமண மண்டபத்தில் இரைச்சலுக்கிடையே வாசிக்கும் கலைஞர், இராக ஆலாபனையை முழுக்கவனத்தோடு கேட்கும் அவைக்கு வாசிக்கக் கிடைத்த அரிய வாய்ப்புகளுள் வானொலியும் ஒன்று. ஓதுவார்களின் தேவாரத்திற்கும் இது பொருந்தும். தமிழிசை மரபின் இவ்விரு கிளைகளும் சந்தையை நம்பி நிற்கவியலாதவை. வானொலியின் நிதிக்குறைப்பால் சென்னையின் முன்னணிப் பாடகர் எவரும் நலிவதில்லை. நலிபவர் காவிரிக்கரை நாகசுரக்காரரும் மாவட்ட நிலையத்தின் கடக் கலைஞருமே.

செய்யத்தக்கவை

பழைய எண்ணிக்கையில் நிலைய வித்துவான்களை மீண்டும் அமர்த்துவது நடவாதது என்றே தோன்றுகிறது. ஓய்வூதியத்தோடு கூடிய பணியிடங்களை எந்த அரசும் இன்று பெருக்க முன்வராது. அதற்கு மாற்றாக மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டுக் கால நல்கையாக அப்பணியை மாற்றியமைக்கலாம். இளங்கலைஞர் நால்வர் ஒரு நிலையத்தில் அவ்வாறு அமர்ந்தால், மேற்கூறிய கணக்கில் பக்கவாத்தியச் செலவு மீண்டும் நிகழ்ச்சித் தலைப்பிலிருந்து நீங்கும். அதற்கான பணம் நிகழ்ச்சித் தலைப்பிலிருந்து வராமல் தனித்தலைப்பாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது இன்றியமையாதது. இல்லையேல் பழைய சிக்கலே புதுப்பெயரில் திரும்பும்.

தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரம், தவில், தேவாரம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அவற்றின் அருகிலேயே வானொலி நிலையங்களும் உள்ளன. ஒன்று மாநில அரசின் கீழும் மற்றொன்று நடுவண் அமைப்பின் கீழும் இருப்பதால் இரண்டும் பேசிக்கொள்வதில்லை. பிபிசி பாடற்குழுவைக் காத்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்கது, வெளியமைப்பு ஒன்று துணைக்கு வந்ததோடு குழுவின் உரிமை பிபிசியிடமே தங்கியதுமாகும். அதுபோல, இசைப்பள்ளியின் அரங்கில் வானொலியின் பொறுப்பில் மாதம் ஒரு கச்சேரி என்பது பெருஞ்செலவு பிடிக்காத ஏற்பாடு. தனியார் புரவலரிடம் முழுமையாக ஒப்படைப்பதை இக்கட்டுரையாளர் ஏற்கவில்லை. புரவலர் விரும்புவது கூட்டம் சேர்க்கும் பெயர்களை. கூட்டம் சேராத கலைக்காகவே பொதுப்பணம் வேண்டப்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஆய்வாளர் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. எத்தனை நிலையங்களில் எத்தனை வித்துவான் பணியிடங்கள் இருந்தன, எவை எவ்வாண்டு காலியாயின, ஆண்டுதோறும் எத்தனை புதிய கச்சேரிகள் பதிவாயின என்னும் கணக்கு நிலையவாரியாகத் தொகுக்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி. 'வானொலி' இதழின் பழைய தொகுதிகள் மற்றொரு வழி. பதினைந்து நாள்களுக்கான நிகழ்ச்சி நிரல் கலைஞர் பெயரோடு அதில் அச்சாயிற்று. அவ்விதழ் நின்றபின் உள்ள காலத்திற்கு நிலையங்களின் நாட்பதிவேடுகளே ஆதாரம். எண்ணிம மாற்றத்தின்போது ஒலிநாடாக்கள் காக்கப்படும் அளவுக்குத் தாள் பதிவேடுகள் காக்கப்படுவதில்லை. பாடியவர் பெயர், பக்கம் வாசித்தவர் பெயர், பாடலின் முதற்குறிப்பு, பெற்ற நேரம் ஆகியவை கையெழுத்தில் உள்ள அப்பதிவேடுகள் கழிவுத்தாளாக வெளியேறுமுன், இசைத்துறையும் தமிழ்த்துறையும் கொண்ட பல்கலைக்கழகங்கள் அவற்றை மின்படியாக்கும் அனுமதியை நிலைய இயக்குநர்களிடம் எழுத்துமூலம் கோரலாம். திருச்சி நிலையத்திலிருந்து இதனைத் தொடங்குவது பொருத்தம். நாகசுர மரபின் நடுவிடமான காவிரிப்படுகைக் கலைஞர் பெயர்கள் அங்குத்தான் மிகுதியாகப் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு.